நாள் கணக்குல டீவி செனல் போடுறது எப்படி, அதைவிட முக்கியமா நிறுத்துறது எப்படி

2024 தீபாவளிக்கு அம்மா ஆசைப்பட்டாங்கன்னு ஒரு சினிமா செனலை நாள் கணக்குல போட்டு குடுத்தேன், நாளைக்கு 18 ரூபா, பண்டிகை மூணு நாளும் பாத்துட்டு விட்டுருவோம்னு தான் பேச்சு. மூணு நாள் முடிஞ்சதும் அம்மா கொழுந்து எடுக்க மலைக்கு போய்ட்டாங்க, நான் ஹட்டன்ல கடைக்கு வேலைக்கு வந்துட்டேன், டிஷ் பொக்ஸை ஓஃப் பண்ணி மேல துணி போட்டு மூடி வச்சாச்சு, இனி காசு போகாதுன்னு வீட்ல எல்லாருமே நெனச்சுக்கிட்டு இருந்தோம். நடுவுல தங்கச்சி வழக்கம் போல ரெண்டு தடவை ரீலோட் வேற போட்டு வச்சிருக்கு. பொங்கலன்னைக்கு காலையில டீவிய போடுறோம், ஒண்ணுமே வரல, பேலன்ஸ் இல்லன்னு திரையில எழுத்து நிக்குது. உக்காந்து கணக்கு பாத்தா ஒக்டோபர் 31ல இருந்து ஜனவரி 13 வரைக்கும் 75 நாள், நாளைக்கு 18 வீதம் 1,350 ரூபா. அந்த வருஷம் செப்டம்பர்ல கூட்டுன தோட்டத்து நாள் சம்பளமும் அதே 1,350 தான். அதாவது அம்மா மழையில நனைஞ்சு ஒரு முழு பேரு (முழு நாள் வேலை) கொழுந்து எடுத்த காசு, அதுல மூணு நாள் தான் அந்த செனலை பாத்தது, மிச்ச 72 நாள் மூடி வச்ச பொக்ஸுக்கு போயிருக்கு.

அதுக்கப்புறம் தான் இதை ஒழுங்கா படிச்சேன், இப்ப எங்க லயத்துல (தோட்டத்து வரிசை வீடுகள்ல) யாரு நாள் செனல் போடணும்னாலும் என்கிட்ட தான் வருவாங்க. தெரிஞ்சதை எல்லாம் இங்க எழுதுறேன், இலங்கை தேயிலைத் தோட்டத்துல பத்தாம் தேதி சம்பளத்தை நம்பி வாழுற நம்ம ஆட்களுக்கு நாள் கணக்கு ரொம்ப நல்ல விஷயம், மாசக் காசு மொத்தமா கட்ட முடியாதவங்களுக்கு அது ஒரு வழி, ஆனா அதை எப்படி நிறுத்துறதுன்னு தெரியாம போட்டா மாச பெக்கேஜை விட கூட போகும்.

முதல்ல ஒரு விஷயத்தை மனசுல வாங்கிக்கோங்க, பொக்ஸை ஓஃப் பண்ணுறது வேற, செனலை நிறுத்துறது வேற. டிஷ்ல வர்றது ஒரு வழிப் பாதை, மேல சட்டலைட்ல இருந்து கீழ வருது, நம்ம வீட்ல இருந்து மேல ஒண்ணுமே போறதில்ல. நீங்க டீவி பாக்குறீங்களா, தூங்குறீங்களா, பொக்ஸை கழட்டி பெட்டிக்குள்ள வச்சிருக்கீங்களான்னு கொம்பனிக்கு தெரியவே தெரியாது. அவங்க கணக்குல உங்க பொக்ஸுக்குள்ள இருக்கிற கார்ட் நம்பருக்கு நேரா அந்த செனல் போட்டிருக்குன்னு இருக்கிற வரைக்கும் ஒவ்வொரு நாளும் காசு வெட்டும். கரண்ட் இல்லாத நாளும் வெட்டும், நீங்க கதிர்காமம் போயிருந்தாலும் வெட்டும்.

செனல் திறக்குறதும் இதே பாதையில தான் நடக்குது. நீங்க காசு கட்டுனதும் உங்க கார்ட் நம்பரை போட்டு இந்த கார்டுக்கு இந்த செனலை திற அப்படின்னு ஒரு சின்ன கட்டளை அதே சட்டலைட் சிக்னலோட கலந்து வருது, கொஞ்ச நேரத்துக்கு திரும்ப திரும்ப அனுப்புவாங்க, அந்த நேரத்துல பொக்ஸ் ஓன்ல இருந்து சிக்னலும் இருந்தா தான் கார்ட் அதை பிடிச்சு வச்சுக்கும். அதனால தான் சொல்றேன், காசு கட்டிட்டு வந்து பொக்ஸை போடாதீங்க, முதல்ல பொக்ஸை போட்டு நீங்க வாங்கப்போற செனல் நம்பர்லயே விட்டுட்டு அப்புறம் மெசேஜ் அனுப்புங்க. ஒரு கால் மணி நேரம் தொடாம விடுங்க. நம்ம ஆட்கள் என்ன செய்றாங்கன்னா ரெண்டு நிமிஷத்துல வரலன்னதும் ரிமோட்டை போட்டு அமுக்குறது, ப்ளக்கை இழுத்து திரும்ப போடுறது, அப்படி செஞ்சா வந்துக்கிட்டு இருக்கிற கட்டளை தவறிப் போகலாம். கால் மணி நேரமும் தாண்டி வரலன்னா கொம்பனிக்கு போன் எடுத்து கட்டளையை திரும்ப அனுப்ப சொல்லுங்க, அதுக்கு தனியா காசு எடுக்க மாட்டாங்களான்னும் ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க. ரொம்ப நாளா மூடி வச்சிருந்த பொக்ஸ்னா இன்னும் கொஞ்சம் பொறுமை வேணும், பழைய கட்டளை எல்லாம் சேத்து வாங்க நேரம் எடுக்கும்.

இப்ப கணக்கு. நாள் விலை நல்லதா மாச விலை நல்லதான்னு பாக்க பெரிய படிப்பு ஒண்ணும் வேணாம், மாச விலையை நாள் விலையால வகுங்க, வர்ற நம்பர் தான் உங்க எல்லை. ஒரு பேச்சுக்கு மாசம் 450 ரூபா, நாளைக்கு 25 ரூபான்னு வைங்க, 18 வருது. மாசத்துல 18 நாளைக்கு கீழ பாக்குறவங்களுக்கு நாள் கணக்கு லாபம், அதுக்கு மேல பாக்குறவங்க மாசமே போட்டுறது நல்லம். சொல்ற விலை வரி சேத்ததா சேக்காததான்னும் கேளுங்க, 2024 ஜனவரியில இருந்து வற் வரி 18 வீதம், 25 ரூபான்னு சொல்றது கையில 29 ரூபா 50 சதமா வந்து நிக்கும். அதோட இந்த நாள் செனல்கள் பெரும்பாலும் மேல போடுற செனல் தான், அடியில ஒரு சாதாரண பெக்கேஜ் உயிரோட இருந்தா தான் இது வேலை செய்யும், அடி பெக்கேஜ் காசில்லாம கட்டாயிருந்தா நீங்க மேல போட்ட 25 ரூபாவும் வீண். அதனால பேலன்ஸ்ல ரெண்டுக்கும் சேத்து காசு இருக்கான்னு பாத்துட்டு போடுங்க.

சீரியல் பாக்குற வீட்டுக்கு நாள் கணக்கு சரி வராது, இதை நான் அடிச்சு சொல்லுவேன். எங்க அத்தை திங்கள்ல இருந்து சனி வரைக்கும் ஒரு நாளும் விடாம பாக்குறவங்க, அவங்களுக்கு மாச பெக்கேஜ் தான். பிள்ளைகளோட கார்ட்டூன் செனல் லீவு நாளைக்கு மட்டும்னா நாள் கணக்கு நல்லம். ஆனா உண்மையிலேயே நாள் கணக்கு எதுக்கு பிறந்ததுன்னா கிரிக்கெட்டுக்கு தான்.

ஐபிஎல்லையே எடுங்க. 2025ல மார்ச் 22ல தொடங்கி ஜூன் 3 வரைக்கும் போச்சு, மொத்தம் 74 மெட்ச். மாச பெக்கேஜ்னா மூணு மாசம் கட்டணும். ஆனா நம்ம லயத்து பொடியன்கள்ல முக்காவாசி பேர் சென்னை டீமுக்காக பாக்குறவங்க, நம்ம நாட்டு பந்து வீச்சாளர் பத்திரன அங்க ஆடுனதுல இருந்து அது இன்னும் கூடிருச்சு. லீக் சுத்துல ஒரு டீமுக்கு 14 மெட்ச் தான். அந்த 14 நாளை மட்டும் திறந்தா மூணு மாசக் காசுல பாதி கூட ஆகாது. நாங்க என்ன செய்வோம்னா அட்டவணை வந்ததும் கலண்டர்ல 14 நாளுக்கும் வட்டம் போட்டு இஸ்தோப்பு (முன் திண்ணை) சுவத்துல தொங்கவிட்டுருவோம், ஒவ்வொரு நாளும் யாரு வீட்டு டீவின்னு பேரும் எழுதிருவோம், ஒரே வீட்டுக்கு பாரம் விழாது. மெட்ச் எந்த செனல்ல போகுதுன்னு முதல் நாளே உறுதி பண்ணுங்க, ஸ்போர்ட்ஸ்னு பேர் இருந்தா மட்டும் போதாது, ஒரு நாட்டுக்கு ஒளிபரப்பு உரிமை ஒரு செனல்கிட்ட இருக்கும், மத்ததுல அந்த நேரம் பழைய ஆட்டம் ஓடும். நம்ம நாட்டு டீம் ஆடுறதுன்னா ஃப்ரீ செனல் எதுலயாவது போடுறாங்களான்னு பாத்துட்டு அப்புறமா காசை தொடுங்க.

அடுத்தது ரொம்ப பேர் மாட்டிக்கிற இடம், ஒரு நாள்னா என்ன. சில பெக்கேஜ்ல நீங்க போட்ட நேரத்துல இருந்து 24 மணித்தியாலம், சிலதுல ராத்திரி 12 மணியோட நாள் முடிஞ்சுது. பின்னதுன்னா பின்னேரம் 7 மணிக்கு போட்ட ஆளுக்கு அஞ்சு மணித்தியாலம் தான் கிடைக்கும். இது ஏன் முக்கியம்னு 2023 ஐபிஎல் ஃபைனலை நெனச்சு பாருங்க. மே 28 அகமதாபாத்ல நடக்க வேண்டிய ஆட்டம், மழை, ஒரு பந்து கூட போடல. 29ஆம் தேதிக்கு தள்ளி வச்சாங்க. அன்னைக்கு குஜராத் அடிச்சு முடிச்சு சென்னை இறங்குனதும் திரும்ப மழை, 15 ஓவருக்கு 171னு குறைச்சு ஆட்டம் திரும்ப தொடங்கும்போதே நடுராத்திரி தாண்டிருச்சு, கடைசி ரெண்டு பந்துல பத்து ஓட்டம் வேணும், ஜடேஜா ஒரு சிக்ஸ் ஒரு ஃபோர் அடிச்சு முடிக்கும்போது 30ஆம் தேதி விடிய 1.30 இருக்கும். ஒரே ஒரு மெட்ச், ஆனா நடுராத்திரி கணக்குல மூணு நாள் காசு. எங்க மேல் லயத்துல அன்னைக்கு 12 மணிக்கு பேலன்ஸ் தீந்து செனல் மூடிருச்சு, அந்த நேரத்துல ரீலோட் போட ஒரு கடையும் திறந்திருக்கல, போன்ல ஸ்கோர் மட்டும் பாத்துக்கிட்டு பத்துப் பன்னெண்டு பேர் இருட்டுல உக்காந்திருந்தாங்க. ஐபிஎல் ராத்திரி மெட்ச் 7.30க்கு தொடங்குது, இந்தியாவுக்கும் நமக்கும் ஒரே நேரம், சாதாரணமா 11.30 கிட்ட முடியும், மழை வந்தாலோ சூப்பர் ஓவர் வந்தாலோ தாண்டிரும். நடுராத்திரி கணக்கு உள்ள பெக்கேஜ்னா பேலன்ஸ்ல ரெண்டு நாள் காசு கட்டாயம் வைங்க. 24 மணித்தியாலம் உள்ளதுன்னா இன்னைக்கு பின்னேரம் 7.15க்கு போட்டீங்கன்னா நாளைக்கு பின்னேரம் 3.30 மெட்ச் இருந்தா கடைசி கொஞ்ச நேரம் போக அதையும் அதே காசுல பாத்துரலாம்.

சரி, இப்ப மழை. நாள் காசு கட்டுறவங்களுக்கு மழை தான் பெரிய எதிரி, ஏன்னா மழையில சிக்னல் போனாலும் அந்த நாள் காசு திரும்ப வராது. டிஷ்க்கு வர்ற அலை ரொம்ப சின்ன அலை, பெரிய மழைத்துளி அதை விழுங்கிரும். மே கடைசியில இருந்து செப்டம்பர் வரைக்கும் கினிகத்தேனை, வட்டவளை, ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா பக்கம் மழை கொட்டும், பதுளை, அப்புத்தளை பக்கம்னா ஐப்பசியில இருந்து தான். நான் என்ன செய்வேன்னா காசு போடுறதுக்கு முந்தி மெனுவுல போய் சிக்னல் குவாலிட்டி பட்டையை பாப்பேன், வெயில் நேரத்துலயே அது பாதிக்கு கீழ நின்னா அந்த டிஷ்ல மழை நாள்ல ஒண்ணும் பாக்க முடியாது, முதல்ல டிஷ்ஷை சரி பண்ணிட்டு தான் செனலுக்கு காசு. முக்கால்வாசி நேரம் பிழை கேபிள் மாட்டுற மூக்குல தான், மேல கறுப்பு டேப் சுத்தாம விட்டிருப்பாங்க, தண்ணி இறங்கி உள்ள செம்புக் கம்பி பச்சை பூத்து கிடக்கும். அந்த ஒரு சாண் கேபிளை வெட்டி எறிஞ்சுட்டு புது மூக்கு போட்டு டேப்பை கீழ இருந்து மேல சுத்துங்க, அப்ப தான் தண்ணி மடிப்புக்குள்ள நிக்காம வழிஞ்சு போகும்.

டிஷ் பாக்குற திசையும் தெரிஞ்சு வச்சுக்கோங்க. டயலொக் டீவி வர்ற சட்டலைட் 45 டிகிரி கிழக்குல நிக்குது, அது ஆபிரிக்கா பக்கத்து வானம், நம்ம மலையில இருந்து பாத்தா நேர் மேற்குல கொஞ்சம் தெக்கு சாஞ்சு, தரையில இருந்து 48 டிகிரி அளவு உயரத்துல. டிஷ் பாக்க நிமிந்து நிக்கிற மாதிரி இருக்கும், ஆனா அதோட பார்வை உண்மையில அதைவிட மேல போகுது, அது அந்த டிஷ்ஷோட அமைப்பு. அந்த வழியில சவுக்கு மரமோ டர்பன்டைன் மரமோ வளந்து நின்னா முடிஞ்சுது, காத்தடிக்கும்போதெல்லாம் படம் உடையும். இதை பாக்க ஒரு சுலபமான வழி இருக்கு, மார்ச் நடுவுல பின்னேரம் 3 மணி கிட்ட, இல்லன்னா செப்டம்பர் கடைசி வாரம் ரெண்டே முக்கால் மணி கிட்ட, சூரியன் அந்த சட்டலைட் இருக்கிற இடத்துக்கே வருது. அந்த நேரம் டிஷ் மேல மர நிழல் விழுந்தா சிக்னலுக்கும் அதே மரம் தான் தடை. அந்த சில நாள்ல அதே நேரத்துக்கு கொஞ்ச நிமிஷம் படம் தானா உடையும், அது சூரியன் வேலை, டிஷ்ஷை திருப்பிராதீங்க.

இன்னொண்ணு, கொனெக்ஷன் யாரு பேர்ல இருக்கு. இது நம்ம பக்கம் ரொம்ப நடக்குது, டிஷ் வாங்கும்போது கொழும்புக்கு வேலைக்கு போன தம்பியோட ஐடிய குடுத்திருப்பாங்க, இல்லன்னா டிஷ் பூட்டுன ஆளே தன் போன் நம்பரை போட்டிருப்பான். அப்ப காசு வெட்டுற மெசேஜ், செனலை நிறுத்த வர்ற ஓடிபி எல்லாம் அந்த போனுக்கு தான் போகும், நம்ம கையில ஒண்ணும் இருக்காது. ஒரு தடவை சிரமம் பாக்காம டவுனுக்கு போய் வீட்ல எப்பவும் இருக்கிற ஆளோட நம்பருக்கு மாத்திருங்க. மாத்தும்போதே மெசேஜ் மொழியை தமிழுக்கு மாத்த சொல்லுங்க. எங்க அம்மாவுக்கு காசு வெட்டுன மெசேஜ் வராம இல்ல, வந்துக்கிட்டே தான் இருந்திருக்கு, எல்லாம் இங்கிலீஷ்ல, அவங்க ஏதோ விளம்பரம்னு நெனச்சு விட்டிருக்காங்க. தமிழ்ல வந்திருந்தா நாலாம் நாளே எனக்கு போன் எடுத்திருப்பாங்க, அதை நெனச்சா எனக்கு இன்னமும் மனசு ஆறல.

இந்திய டிஷ் வச்சிருக்கிறவங்க கேப்பீங்க, எங்களுக்கு இது உண்டான்னு. அங்கயும் செனல் தனித்தனியா எடுக்கலாம், ஆனா இங்க இருந்து ரீச்சார்ஜ் ஒரு இடையாள் கை வழியா தான் போகுது, அவர் எவ்வளவு போட்டார் எந்த செனல் போட்டார்னு உங்களுக்கு தெரியாது, பிழை வந்தா போய் கேக்க இங்க ஒரு ஒபிஸும் இல்ல. நாள் கணக்கு விளையாட்டுக்கு அது தோதில்ல.

அன்டனாவுல இப்படி வருமான்னும் பொடியன்கள் கேக்குறாங்க. நம்ம ஊருக்கு டீவின்னா முதல்ல அன்டனா தான், 1982 பெப்ரவரியில ரூபவாஹினி தொடங்கினப்பவே 2,524 மீட்டர் உயரத்து பீதுருதாலகால உச்சியில இருந்து அலை விட்டாங்க. அன்டனா டிஜிட்டலுக்கு 2014ல ஜப்பான் முறைய எடுக்குறதுன்னு நாட்டுல முடிவு பண்ணாங்க, ஆனா நம்ம லயத்து கம்பத்துல வர்றது இன்னும் பழைய அனலொக் தான். வெளிநாட்டுல அன்டனா டிஜிட்டல்லயே காசு செனல் உண்டு, இத்தாலியில 2005 ஜனவரியில மீடியாசெட் பிரீமியம் ரீலோட் கார்ட் மாதிரி ஒரு கார்டை பொக்ஸ்ல சொருகி ஒரு ஃபுட்போல் மெட்சுக்கு மட்டும் காசு கட்டி பாக்குற மாதிரி கொண்டு வந்தாங்க, ஆபிரிக்காவுல ஸ்டார்டைம்ஸ் அன்டனா பொக்ஸுக்கே நாள் பெக்கேஜ், வார பெக்கேஜ்னு விக்குது. உள்ள நடக்குறது டிஷ் மாதிரியே தான், ஒரு வழிப் பாதை, கார்டுக்கு கட்டளை, நிறுத்தலன்னா காசு வெட்டு. ஒரு பெரிய நல்லது என்னன்னா அன்டனா அலைக்கு மழை அவ்வளவு பொருட்டில்ல, மழை நாள்ல காசு வீணாகாது. ஆனா மலை மறைச்சா முடிஞ்சுது, அனலொக்ல புள்ளி புள்ளியாவாவது பாப்போம், டிஜிட்டல்ல ஒண்ணு தெளிவா வரும், இல்லன்னா ஒண்ணுமே வராது. பள்ளத்துல இருக்கிற லயங்களுக்கு சின்ன சின்ன டவர் வச்சா தான் அது வந்து சேரும், வைக்கணும்.

கடைசியா நிறுத்துறது. செனல் போடும்போதே ரெண்டு கேள்வி கேளுங்க, இது ஒரு நாளோட தானா நிக்குமா இல்ல நிறுத்துற வரைக்கும் ஓடுமா, நிறுத்த என்ன மெசேஜ் எந்த நம்பருக்கு அனுப்பணும். பதிலை கையோட எழுதி பொக்ஸ் மேலயே ஒட்டுங்க. எங்க வீட்ல ஒரு பிஸ்கட் பெட்டி அட்டையை வெட்டி நிறுத்துற மெசேஜை பெரிய எழுத்துல அப்படியே எழுதி வச்சிருக்கோம், அம்மா அதை பாத்து ஒவ்வொரு எழுத்தா போன்ல தட்டி அவங்களே அனுப்பிருவாங்க. தானா நிக்கும்னு சொன்னாலும் நம்பி விடாதீங்க, பாத்து முடிச்சதும் நிறுத்துற மெசேஜை அனுப்புங்க, நிறுத்தியாச்சுன்னு பதில் வரும் வரைக்கும் பொக்ஸை ஓஃப் பண்ணாதீங்க. பதில் வரலன்னா இன்னொரு தடவை அனுப்புங்க. அப்புறம் பேலன்ஸ் எவ்வளவுன்னு பாத்து அதே அட்டையில தேதி போட்டு எழுதுங்க, நடுராத்திரி கணக்கு உள்ள பெக்கேஜ் ராத்திரி 12க்கு வெட்டுறது, அதனால விடிஞ்சதும் பெரட்டுக்கு (வேலைக்கு பேர் குடுக்குற இடத்துக்கு) கிளம்புறதுக்கு முந்தி திரும்ப ஒரு தடவை பாருங்க, 24 மணித்தியாலக் கணக்குன்னா நீங்க போட்ட நேரம் தாண்டினதும் பாருங்க. அடி பெக்கேஜுக்கு வெட்டுற காசு போக மிச்சம் ராத்திரி எழுதுனதோட ஒத்து வந்தா செனல் நின்னுருச்சு. குறைஞ்சிருந்தா அந்த காலையிலயே போன் எடுங்க, தேதி, நேரம், நீங்க அனுப்புன மெசேஜ் மூணையும் சொல்லுங்க, மெசேஜை அழிச்சிராதீங்க.